உறுமி வாள்வீரனும் தெரிந்த கைக்கோளரும்: ஒரு கணினி விளையாட்டின் காலாட்படையும் சோழர் கல்வெட்டுகளும்

ஆய்வுச்சுருக்கம்

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்னும் நிகழ்நேர உத்தி விளையாட்டில் 2022ஆம் ஆண்டு முதல் 'திராவிடர்' என்றொரு நாகரிகம் இடம்பெற்றுள்ளது. அதன் தனிச்சிறப்புக் காலாட்படைப் பிரிவு 'உறுமி வாள்வீரன்'. இக்கட்டுரை அப்படைப்பிரிவின் அமைப்பையும் உறுமி என்னும் படைக்கலத்தின் வரலாற்றுச் சூழலையும் சோழர் காலக் கல்வெட்டுகள் காட்டும் காலாட்படையோடு ஒப்பிட்டு ஆராய்கிறது. விளையாட்டு வீரனைக் கையிலுள்ள கருவியால் அடையாளப்படுத்துகிறது. கல்வெட்டுகளோ அவனை யாருக்குக் கட்டுப்பட்டவன் என்பதால் அடையாளப்படுத்துகின்றன. இவ்வேறுபாடே கட்டுரையின் மையப் பொருளாகும்.

திறவுச்சொற்கள்: சோழர் படை, கைக்கோளர், வேளைக்காரர், உறுமி, சுருள்வாள், கணினி விளையாட்டு, கல்வெட்டியல்

முன்னுரை

இடைக்கால வரலாற்றை இன்றைய இளைஞர் முதன்முதலில் சந்திக்கும் இடம் பெரும்பாலும் பாடநூலன்று. திரைப்படம், தொடர்கதை ஆகியவற்றோடு கணினி விளையாட்டும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநாளாகிறது. எனினும் தமிழாய்வுலகம் முதலிரண்டையும் ஆராய்ந்த அளவுக்கு மூன்றாவதைப் பொருட்படுத்தவில்லை. பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் சோழர் படையைப் பற்றி ஒரு மாணவர் கொண்டிருக்கும் மனப்படம் அவ்விளையாட்டிலிருந்து வந்ததாயின், அம்மனப்படத்தின் மூலங்களை ஆராய்வது ஆசிரியரின் பணியாகிவிடுகிறது.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்ற விளையாட்டை என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்க, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1999இல் வெளியிட்டது. அப்போது அதில் பதின்மூன்று நாகரிகங்கள் இருந்தன; இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தது ஒன்றும் இல்லை. 2013இல் வெளிவந்த விரிவாக்கத்தில் 'இந்தியர்' என்ற ஒரே பெயரில் துணைக்கண்டம் முழுவதும் அடக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் வெளியான 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' விரிவாக்கம் அவ்வொன்றைப் பிரித்து இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர் என நான்காக்கியது. திராவிடருக்குரிய கதைத்தொடர் முதலாம் இராசேந்திரனைப் பற்றியது. ஆகவே 'திராவிடர்' என்ற பெயர் பொதுவாயினும், விளையாட்டு மனத்திற் கொண்டிருப்பது முதன்மையாகச் சோழரையே என்பதில் ஐயமில்லை. (கால்டுவெல் 1856இல் ஒரு மொழிக்குடும்பத்திற்கு நிலைபெறச் செய்த பெயர், பதினோராம் நூற்றாண்டின் ஓர் அரசுக்குச் சூட்டப்படுவது தனியே ஆராயத்தக்க செய்தி. அதனை இங்கு விரிக்கவில்லை.)

விளையாட்டுக்குள் உறுமி வாள்வீரன்

இவ்விளையாட்டில் பெரும்பாலான நாகரிகங்களுக்குப் பொதுவான ஈட்டியாளர், வாளேந்தியோர், வில்லாளர், குதிரைவீரர் உண்டு. ஒவ்வொரு நாகரிகமும் தனக்கு மட்டுமே உரிய படைப்பிரிவு ஒன்றை அல்லது இரண்டை உருவாக்கிக்கொள்ளும். திராவிடருக்கு நிலத்தில் உறுமி வாள்வீரன். கடலில் 'திரிசடை' என்னும் பெருங்கலம். காலாட்படையும் கடற்படையும் மிக்க நாகரிகமாகவே திராவிடர் வடிவமைக்கப்பட்டுள்ளனர். குதிரைப்படையில் அவர்கள் வலிமை குன்றியவர்கள். அரபு, பாரசீகக் குதிரைகளுக்குத் தென்னக அரசுகள் காலந்தோறும் கடல்வணிகத்தையே நம்பியிருந்தமையை நோக்க, இது பொருத்தமற்ற தேர்வன்று.

உறுமி வாள்வீரனின் சிறப்பு அவனது முதல் வீச்சில் உள்ளது. சற்று நேரம் காத்திருந்தால் அவனுக்குள் ஆற்றல் சேர்கிறது. அது நிறைந்தபின் அவன் வீசும் முதல் வீச்சு எதிரில் நிற்பவனை மட்டுமன்றிச் சுற்றியுள்ள பகைவரையும் சேர்த்துத் தாக்குகிறது. பின்னர் அவன் எளிய வாள்வீரனாகிவிட, ஆற்றல் மீண்டும் சேரத் தொடங்குகிறது. ஆகவே இவ்வீரர்களைக் கூட்டமாகத் திரட்டி, நெருங்கி நிற்கும் பகைப்படையின் நடுவே ஒருசேரப் பாய்ச்சுவதே ஆட்டக்காரர் கைக்கொள்ளும் உத்தியாக அமைகிறது. பக்கத்தில் நிற்கும் தோழனை அவ்வீச்சு ஒன்றும் செய்வதில்லை.

இந்தக் கடைசிச் செய்தி சிறியதாகத் தோன்றலாம். இக்கட்டுரையின் வினா பிறப்பது அங்கேதான்.

உறுமி என்னும் படைக்கலம்

தமிழ்ச் செவிக்கு 'உறுமி' என்றதும் நினைவுக்கு வருவது உறுமிமேளம், இருமுகத் தோற்கருவி. படைக்கலத்தைக் குறிக்கும் உறுமி மலையாள வழக்கு. அதற்குச் சுற்றுவாள் என்ற பெயரும் அம்மொழியில் உண்டு. தமிழகச் சிலம்ப ஆசான்கள் அதனைச் சுருள்வாள் என்பர். இலங்கையின் அங்கம்பொரக் கலையிலும் இத்தகைய வளையும் வாள் பயிலப்படுகிறது. ஆகவே விளையாட்டு தேர்ந்த பெயரே அக்கருவியை ஒரு நிலப்பகுதியோடு பிணைக்கிறது. தமிழில் பேசும் வீரனின் கையில் மலையாளப் பெயர் தாங்கிய வாள் இருக்கிறது.

கருவியின் இயல்பு அனைவரும் அறிந்ததே. மெல்லிய, நீண்ட, வளையும் எஃகுத் தகடு; கைப்பிடி வாளுடையது; வீச்சு சாட்டையுடையது. பயன்படாதபோது இடையில் கச்சுப்போலச் சுற்றிக்கொள்ளலாம். களரிப்பயிற்று மெய்த்தாரி, கோல்த்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை எனப் படிநிலைகளாகப் பயிற்றப்படுகிறது. உலோகப் படைக்கலங்களைக் கற்பிக்கும் அங்கத்தாரியிலும் உறுமி கடைசியாகவே கையில் தரப்படுகிறது. காரணம், அது பகைவனை வெட்டுமுன் வீசுபவனையே வெட்டிவிடக் கூடியது. வீச்சு நின்றால் தகடு துவண்டுவிடும். எனவே சுழற்சி ஓயாமல் இருக்கவேண்டும். சுழற்சிக்குச் சுற்றிலும் வெற்றிடம் வேண்டும்.

இதனால் உறுமி தனியொருவன் பலரால் சூழப்பட்டபோது பயன்படும் கருவியாகிறது. வடக்கன் பாட்டுகளின் மரபில் உண்ணியார்ச்சையின் பெயரோடு அது ஒட்டிக்கொண்டதும் அதனால்தான்: வழிமறித்த கூட்டத்தைத் தனியாக எதிர்கொள்ளும் பெண்ணுக்கு அதனினும் பொருத்தமான கருவியைக் கற்பனை செய்வது அரிது. அங்கம் வெட்டும் வீரனுக்கும் அது பொருந்தும். தோளோடு தோள் நிற்கும் அணிக்கு அது பொருந்தாது. அணியில் நிற்பவன் உறுமியைச் சுழற்றினால் முதலில் வீழ்வோர் அவனுடைய இடவலத் தோழர்களே. விளையாட்டின் நிரல் தோழனைத் தொடாத வீச்சை அமைத்ததன் மூலம், அக்கருவியின் வரலாற்றையே தீர்மானித்த இயல்பை நீக்கிவிட்டது. நீக்காவிட்டால் அதனை ஒரு படைப்பிரிவாக்கவே இயலாது என்பதும் உண்மை.

திராவிடருக்கு விளையாட்டு அளிக்கும் மற்றொரு சிறப்பு 'வூட்ஸ் எஃகு'. அதனை ஆராய்ந்து பெற்றபின் காலாள், குதிரை வீரரின் தாக்குதலுக்கு எதிரியின் கவசம் தடையாவதில்லை. இதற்கு வரலாற்று அடிப்படை உண்டு. கொடுமணல் அகழாய்வும், மேல்சிறுவளூரில் கிடைத்த உலைமூசை எச்சங்கள் குறித்து சாரதா சீனிவாசன் செய்த ஆய்வுகளும் தமிழகத்தில் மூசையில் உருக்கிய உயர்கரி எஃகின் தொழில்நுட்பத்தைக் காட்டியுள்ளன. வூட்ஸ் என்ற சொல்லே கன்னட உக்கு, தமிழ் உருக்கு ஆகியவற்றோடு தொடர்புபடுத்தப்படுகிறது. ஆனால் அவ்வெஃகின் புகழ் அதன் கடினமான, தேயாத விளிம்பால் வந்தது. உறுமிக்கு வேண்டியதோ இடுப்பில் சுற்றினாலும் முறியாத வளைவு. இரண்டு பெருமைகளையும் ஒரே வீரன்மேல் ஏற்றியது வடிவமைப்பாளரின் ஆர்வம்.

இனிச் சான்றின் பக்கம் வருவோம். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றுப் புடைப்புச் சிற்பங்களில் போர்க்காட்சிகள் உள. அங்குக் காலாளின் கையில் இருப்பவை வாளும் கேடயமும். செங்கம் பகுதி நடுகற்களில் வீரர் வில்லோடும் குறுவாளோடும் நிற்கின்றனர். சிற்பச் சான்றின் எல்லையையும் ஒப்புக்கொள்ளவேண்டும். இடையிற் சுற்றிய தகட்டைச் சிற்பத்தில் கச்சிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. சூ சூஃபெய் 1178இலும் சாவ் ருகுவா 1225இலும் எழுதிய சீன நூல்கள் சோழநாட்டுப் போர்யானைகளைப் பற்றிக் கூறும்போது, யானைமேல் அமைந்த மாடங்களிலிருந்து வீரர் தொலைவில் அம்பெய்வதையும் அண்மையில் ஈட்டியால் பொருவதையும் குறிக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபாரைக் கண்டெழுதிய துவார்த்தே பார்போசா நாயர் வீரரின் கருவிகளாக வாள், பரிசை, ஈட்டி, வில் ஆகியவற்றையே முன்னிறுத்துகிறார். வாளும் வேலும் வில்லும் போரை நடத்தின என்ற முடிவே இச்சான்றுகளுக்கு இசைவானது.

கல்வெட்டுகளில் சோழர் காலாள்

விளையாட்டு ஒரு படைக்கலத்தைத் தேடியது. கல்வெட்டுகளில் தேடியிருந்தால் அதற்குக் கிடைத்திருப்பவை பெயர்கள். தஞ்சை இராசராசேச்சரத்துத் திருச்சுற்று மாளிகைக் கல்வெட்டுகளை ஹுல்ஷ் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். அங்குப் படைப்பிரிவுகள் வரிசையாக வருகின்றன: பண்டித சோழத் தெரிந்த வில்லிகள், நிகரிலி சோழத் தெரிந்த உடனிலைக் குதிரைச் சேவகர், மும்முடிச் சோழத் தெரிந்த ஆனைப்பாகர், உத்தமசோழத் தெரிந்த அந்தளகத்தாளர், சிங்களாந்தகத் தெரிந்த கைக்கோளர், சத்திரியசிகாமணித் தெரிந்த வலங்கை வேளைக்காரப் படைகள், சிறுதனத்து வடுகக் காவலர், மூலபரிவார விட்டேறு எனப் பட்டியல் நீள்கிறது.

இப்பெயர்களின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. முதலில் வருவது அரசனின் அல்லது அவன் முன்னோரின் விருதுப்பெயர். அடுத்து 'தெரிந்த' என்னும் சொல். தேர்ந்தெடுக்கப்பட்ட என்பது பொருள். ஒருவன் அப்படையில் தானாகச் சேர்ந்தவனல்லன், தெரியப்பட்டவன் என்று பெயரே அறிவிக்கிறது. பின்னர் சில பெயர்களில் வலங்கை என்ற பிரிவு. இறுதியில்தான் வில்லி, ஆனைப்பாகர், அந்தளகத்தாளர் என்ற தொழிற்குறிப்பு. அந்தளகம் கவசத்தைச் சுட்டும் சொல். கைக்கோளர், வேளைக்காரர் பெயர்களில் கருவியே இல்லை. படைக்கலம் பெயரில் வெளிப்படையாக வரும் ஓர் அரிய இடம் 'வாள்பெற்ற கைக்கோளர்' என்பது. அங்கும் அழுத்தம் வாளில் இல்லை. பெற்ற என்பதில் இருக்கிறது. யாரிடமிருந்து பெற்றான் என்ற வினா எழும்படி அப்பெயர் அமைந்துள்ளது.

இப்பெயர்களைக் கையாளும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. 'கேரளாந்தகத் தெரிந்த பரிவாரத்தார்' என்ற பெயரைக் கண்டு அவர்களைக் கேரளத்தார் என்று கொள்ளலாகாது. கேரளாந்தகன் என்பது இராசராசனின் விருது. அப்பெயர் படைஞரின் பிறப்பிடத்தைக் கூறவில்லை. அவர்களுடைய தலைவன் யாரை வென்றான் என்பதைக் கூறுகிறது. சிங்களாந்தகத் தெரிந்த கைக்கோளருக்கும் இதுவே பொருந்தும்.

இப்படைகள் தஞ்சைக் கோயிற்சுவரில் இடம்பெற்ற சூழலும் குறிப்பிடத்தக்கது. அக்கல்வெட்டுகள் போரைப் பற்றியன அல்ல. திருச்சுற்றிலுள்ள பரிவார ஆலயங்களின் தேவைகளைக் கவனிக்கும் பொறுப்பு ஒவ்வொரு படைப்பிரிவிடமும் ஒப்படைக்கப்பட்டது என ஹுல்ஷ் விளக்கினார். அதாவது படைப்பிரிவு என்பது பொருள் பெறவும் பொறுப்பேற்கவும் தலைமுறை கடந்து நிலைக்கவும் வல்ல ஒரு கூட்டமைப்பு. ஊர்ச்சபையும் வணிகக் குழுவும் எவ்வாறு தனித்த ஆளுமை உடையனவோ, அவ்வாறே கைக்கோளப் படையும் இருந்தது. நெல்லைப் பகுதித் திருவாலீச்சுவரத்தில் 'மூன்றுகை மகாசேனை' ஒரு கோயிலைத் தன் காவலில் ஏற்றுக்கொண்டதையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம்.

கைக்கோளரின் பிற்கால வரலாறு இக்கூட்டமைப்பின் உறுதிக்குச் சான்று. விசயநகரக் காலக் கல்வெட்டுகளில் அவர்கள் முதன்மையாக நெசவாளராகத் தோன்றுகின்றனர். பல்லக்கும் சங்கும் பயன்படுத்தும் உரிமைக்காகப் போராடிப் பெறுகின்றனர். படைஞர் நெசவாளராயினரா, நெசவாளர் படையிலும் பணிபுரிந்தனரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. விஜயா ராமசுவாமி 1985இல் வெளியிட்ட தென்னிந்திய நெசவாளர் பற்றிய நூல் இவ்வினாவை விரிவாக எதிர்கொள்கிறது. செங்குந்தர் மரபில் ஒட்டக்கூத்தரின் பெயரால் வழங்கும் 'ஈட்டியெழுபது' அச்சமூகத்தின் படைக்கலமாக ஈட்டியை நிலைநிறுத்தியது. ஒரு படைப்பிரிவின் பெயர் சமூகப் பெயராகி இன்றுவரை நீடித்திருக்கிறது. விளையாட்டு வடிவமைப்பாளர் ஒருவருக்கு இதைவிட வளமான பொருள் வேறென்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது.

வேளை என்னும் பிணைப்பு

வேளைக்காரர் பற்றி அறிஞர் பலவாறு எழுதியுள்ளனர். உற்ற வேளையில் உயிர் கொடுப்பவர் என்றும், சூளுரைத்துப் பணியேற்றவர் என்றும் சொல்லுக்குப் பொருள் கூறப்படுகிறது. எவ்வாறாயினும் தலைவனுக்காக உயிர்விடும் உறுதிமொழியே அப்படையின் அடையாளம் என்பதில் கருத்தொற்றுமை உண்டு. பாண்டியரின் 'தென்னவன் ஆபத்துதவிகள்' இதனோடு ஒத்த அமைப்பினர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மாபர் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, அரசனின் உடல் எரியும்போது அவனுடைய நம்பிக்கைக்குரிய தோழர்கள் தாமும் தீயிற் பாய்வதாகக் கூறுவது இம்மரபின் எச்சமாகலாம்.

ஆனால் உறுதிமொழி உள்ள இடத்தில் அதன் முறிவும் உண்டு. இலங்கையில் சோழராட்சியை அகற்றிய முதலாம் விசயபாகுவின் படையிலும் வேளைக்காரர் இருந்தனர். அவன் சோழர்மீது படையெடுக்க முனைந்தபோது அவர்கள் கிளர்ந்தெழுந்து தளபதியரைக் கொன்றனர், அரண்மனையை எரித்தனர், அரசனின் தங்கையையும் அவள் மக்களையும் கவர்ந்தனர் என்று சூளவம்சம் கூறுகிறது. கிளர்ச்சி கடுமையாக ஒடுக்கப்பட்டது. பின்னர் அதே வேளைக்காரர் பொலன்னறுவையில் புத்தரின் பல்லை வைத்துப் போற்றிய கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்று ஒரு தமிழ்க் கல்வெட்டைப் பொறித்தனர். அக்கோயிலுக்கு 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று தம் பெயரையே இட்டனர். எரித்தவர், தண்டிக்கப்பட்டவர், மீண்டும் காவலரானவர் என்னும் மூன்று நிலையும் ஒரே படையின் வரலாற்றில் அமைந்துள்ளன.

விளையாட்டில் படைப்பிரிவு இடப்பட்ட கட்டளைக்கு மறுப்பின்றிக் கீழ்ப்படிகிறது. இடைக்காலத் தென்னகத்தில் கீழ்ப்படிதல் என்பது ஓர் உடன்பாடு. அது பேணப்பட்டது, மீறப்பட்டது, கல்லில் புதுப்பிக்கப்பட்டது.

பெயரிடும் முறையில் ஒரு முரண்

இத்தகைய நுண்மைகளை விளையாட்டிடம் எதிர்பார்ப்பது முறையா என்ற வினா எழலாம். எழவேண்டும். ஆனால் இவ்விளையாட்டே வேறு நாகரிகங்களுக்குப் பிணைப்பின் அடிப்படையில் பெயரிட்டிருக்கிறது. துருக்கியரின் ஜானிசரி 'புதிய படை' என்னும் பொருளது. கிறித்துவச் சிறுவரைத் திரட்டிச் சுல்தானின் அடிமைப் படையாக்கிய முறையிலிருந்து வந்த பெயர். சாரசனியரின் மம்லூக் 'உடைமையானவன்' என்று பொருள்படும். கோத்தியருக்கு அளிக்கப்பட்ட ஹஸ்கார்ல் 'வீட்டாள்'. அது உண்மையில் ஸ்காண்டிநேவிய, ஆங்கிலோ-சாக்சன் அரசவைகளின் மெய்க்காவலரைக் குறித்த சொல்லாயினும், பிணைப்பைக் குறிக்கும் பெயர்தான். திராவிடரை அறிமுகப்படுத்திய அதே 2022 விரிவாக்கம் இந்துஸ்தானியருக்குக் குலாம் என்ற காலாட்படையை அளித்தது. குலாம் என்பது தில்லிச் சுல்தான்களின் அடிமைப் படைஞர் முறைமையைக் குறிக்கும் பெயர்.

ஆக, வட இந்தியக் காலாளுக்கு ஒரு நிறுவனத்தின் பெயர். தென்னிந்தியக் காலாளுக்கு ஒரு கருவியின் பெயர். கூர்ஜரரின் சக்கரம் எறிவோனும் கருவிப் பெயரினனே. இதில் உள்நோக்கம் காண வேண்டியதில்லை. குலாம்களைப் பற்றி உலக மொழிகளில் தேடியவுடன் கிடைக்கும் நூல்கள் பல. வேளைக்காரரைப் பற்றியும் கைக்கோளரைப் பற்றியும் உள்ளவை கல்வெட்டுத் தொகுதிகளிலும் ஆய்விதழ்களிலும் அடைந்து கிடக்கின்றன. களரியும் உறுமியுமோ காணொளிகளாலும் 2011இல் சந்தோஷ் சிவன் இயக்கிய 'உறுமி' திரைப்படத்தாலும் உலகெங்கும் அறியப்பட்டவை. வடிவமைப்பாளர் கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டார்.

'திரிசடை' இதைவிடக் கவலைக்குரிய எடுத்துக்காட்டு. கம்பனின் வாசகருக்கு அது சீதைக்கு ஆறுதல் கூறிய வீடணன் மகளின் பெயர். சோழர் கடற்படை பற்றி இணையத்தில் சுற்றிவரும் பட்டியல் ஒன்று தரணி, லோலா, வஜ்ரா, திரிசடை எனக் கலங்களை வகுத்து, ஒவ்வொன்றையும் இக்காலப் போர்க்கப்பல் வகை ஒன்றுக்கு நிகராக்குகிறது. இருபதாம் நூற்றாண்டுக் கடற்படையின் அடுக்கமைப்பைப் பதினோராம் நூற்றாண்டின்மேல் ஏற்றும் பட்டியல் அது. இப்போது அப்பெயர் விளையாட்டிலும் ஏறியிருப்பதால், நாளை அதனையே சான்றாகக் காட்டுவோர் வருவர். பொய்யான தகவல் ஒன்று தனக்குத்தானே மேற்கோளாகும் வழி இது. இவ்வகையில் உறுமி வாள்வீரன் குற்றம் குறைந்தவன்; அவன் கருவியாவது உண்மையில் உள்ளது.

மலையாண ஒற்றைச் சேவகர்

இதுவரை கூறியவற்றுக்கு எதிராக ஒரு சான்றை முன்வைக்கலாம். மலைநாட்டுப் படைஞர் சோழர் படையில் இருந்தனர் என்பதை மறுக்க முடியாது. முதற் பராந்தகனின் மகன் இராசாதித்தன் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையோடு தங்கியிருந்தான். அக்காலத் திருநாவலூர்க் கல்வெட்டுகளில் 'மலையாண ஒற்றைச் சேவகர்' இடம்பெறுகின்றனர். அருகிலுள்ள கிராமம் என்னும் ஊரில் 943இல் கற்றளி எடுப்பித்த வெள்ளன் குமரன் கேரள நாட்டினன், இராசாதித்தனின் படைத்தலைவன். எனவே களரிக்கு முன்னோடியான பயிற்சி மரபு ஏதேனும் சோழர் பாசறையை எட்டியிருக்கும் என்று கருத இடமுண்டு. களரி முறையின் தோற்றத்தைப் பதினோராம் நூற்றாண்டின் சேர-சோழப் போர்களோடு இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை தொடர்புபடுத்தினார். அவர் கூறிய நூற்றாண்டுப் போர் என்னும் கருத்தை எம்.ஜி.எஸ். நாராயணன் ஏற்கவில்லை. காந்தளூர்ச் சாலை பற்றிய விவாதமும் இதனோடு பின்னிக் கிடக்கிறது.

ஆயினும் இக்கல்வெட்டுகள் மலையாணச் சேவகரின் கையில் என்ன இருந்தது என்று பேசுவதில்லை. அவர்கள் யாருடைய சேவகர் என்பதே அவற்றுக்கு முதன்மையாகிறது. இவ்வேறுபாட்டை வெள்ளன் குமரனின் கதையைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இல்லை.

949இல் தக்கோலப் போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணைவந்த கங்க மன்னன் பூதுகன், யானைமேல் இருந்த இராசாதித்தனைக் கொன்றான். திருவொற்றியூரில் உள்ள வடமொழிக் கல்வெட்டு ஒன்று சதுரானன பண்டிதர் என்னும் துறவியைப் பற்றிப் பேசுகிறது. அவர் கேரளத்தில் பிறந்தவர், கல்வியில் தேர்ந்தவர், சோழநாடு வந்து இராசாதித்தனுக்கு நெருங்கியவரானவர். தலைவன் வீழ்ந்த நாளில் அவனோடு தாமும் மடிய வாய்க்காமற் போனதால் உலகைத் துறந்து, திருவொற்றியூரில் துறவு ஏற்று அங்குள்ள மடத்தின் தலைவரானார். அறிஞர் வே. இராகவன் இவரை வெள்ளன் குமரன் என்று அடையாளம் காட்டினார். அக்கருத்து இன்று பரவலாக ஏற்கப்படுகிறது.

விளையாட்டில் வீரனின் உயிர் ஓர் எண். அது தீர்ந்தால் அவன் மறைவான், தீராவிட்டால் அடுத்த போருக்கு அனுப்பப்படுவான். பத்தாம் நூற்றாண்டின் ஒரு படைத்தலைவனுக்கோ தலைவன் இறந்தபின் உயிரோடு இருப்பதே விளக்கம் வேண்டிய நிலையாக இருந்தது. அவ்விளக்கம் கோயிலுக்குப் பொன் அளித்த செய்தியோடு சேர்த்துக் கல்லில் வெட்டப்பட்டது. கல்வெட்டில் குறிக்கப்பட்ட ஆட்சியாண்டு சோழருடையதன்று. தொண்டைமண்டலம் அப்போது வென்றவன் கையில் இருந்தது. தம் தலைவனைத் தக்கோலத்தில் தோற்கடித்த மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டையே சதுரானனர் தம் அறக்கொடைக்கு இட வேண்டியிருந்தது.